ஒன்றுக்கும் முந்தைய பக்கம்

சுவிஸில், ஓல்டனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. "லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியால் போகவும்" என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரி தட்டி, அச்செடுத்து, கதவில் ஒட்டினேன். பிரிவுத் தலைவி வந்து நின்று பார்த்தார். வாசித்தார் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அவருடைய கண் நேரே தாளின் அடிக்குப் போயிற்று. "பக்க எண் எங்கே?" என்று கேட்டார். ஒரே ஒரு தாள், அதில் ஒரே ஒரு வரி. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எண்பத்தைந்து வயது ஆட்களைப் படியால் போகச் சொல்வது அவருக்குப் பிழையாகப் படவில்லை. எண் இல்லாததுதான் பிழை. தாளைக் கழற்றிக்கொண்டு போய் அடியில் "ஸைட்டெ 1 ஃபொன் 1" என்று போட்டு மறுபடியும் ஒட்டினேன். ஒரு பக்கத்தில் முதலாம் பக்கம் என்று அர்த்தம். அதன் பிறகு அவர் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார்.

இதை நான் எத்தனையோ வீட்டுக் கொண்டாட்டங்களில் நடித்துக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எழுதினதை வாசிக்காமல் எண்ணைப் பார்க்கிற சனம் என்று சுவிஸ்காரர்களை நக்கலடிப்பது எனக்குக் கைவந்த கலை. இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கப் போனவள், பிறகு வாராந்தச் சாப்பாட்டுப் பட்டியல் தட்டுகிற ஆளானேன். அந்தப் பட்டியல்களில்தான் பக்க எண் போடவும், இடம் மாற்றவும், வேண்டாத இடத்தில் மறைக்கவும் பழகினேன். எங்கள் ஆட்கள் மத்தியில் அது போதும். நாற்பத்தாறு வயதிலும் நான் "கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை".

சித்தப்பா இறந்தது குளிர் முடிகிற நேரத்தில். என் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இரண்டு அறை வீட்டில் சின்னம்மாவும் அவரும் மட்டும் இருந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் போய்விட்டால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்துக் கொடுக்க வேண்டும். முன்னட்டையில் அவருடைய படம், உள்ளே தோத்திரப் பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, பிறகு ஒவ்வொரு உறவுமுறைக்கும் ஒரு புலம்பல் பாட்டு, கடைசியில் நன்றி. வாழ்க்கைக் குறிப்பை இறந்தவர் உயிரோடிருக்கும்போது யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் கூச்சத்தில் எழும்பிப் போயிருப்பார், அவ்வளவு புகழ் இருக்கும். மலரைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் பெருமையோடு தலையைக் கொடுத்தேன்.

சித்தப்பாவோடு கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் கனடாவில் இருக்கிறார், எனக்குப் பெரியப்பா முறை. இளையவர் லண்டனில். ஒரே தங்கை லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், நாங்கள் மாமி என்போம். முதல் கிழமையே மூன்று பேரிடமிருந்தும் படங்கள் வந்துவிட்டன. அடுத்த கிழமை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"பிள்ளை, நான் மூத்தவன்," என்றார் பெரியப்பா. "எங்கட குடும்பப் படம் ஒண்டாம் பக்கத்தில வரவேணும். இதில கதைக்க ஒண்டுமில்லை."

கதைக்க ஒன்றுமில்லை என்று சொன்னவர் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்.

"அண்ணை மூத்தவர்தான், ஆர் இல்லையெண்டது?" என்றார் லண்டன்காரர். "ஆனா உன்ரை சித்தப்பா வருத்தமாக் கிடக்கேக்க பிளேன் ஏறி வந்து பாத்தது நான். அண்ணை வந்தவரோ? கேட்டுப்பார்."

மாமி கடைசியாக எடுத்தார். "ரெண்டு ரெயின் மாறி மாசத்துக்கு ஒருக்கா வந்து போனது நான் ஒருத்திதான். இந்த நாட்டில இருக்கிற ஒரே சகோதரம். என்னைக் கொண்டுபோய்ப் பதினொராம் பக்கத்தில போடப் போறியோ?"

பதினோராம் பக்கத்தில் அப்படி என்ன தீட்டு இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று இப்படி அடிபட்டிருந்தால் மனிசன் இன்னும் இரண்டு வருடம் உயிரோடு இருந்திருப்பார். இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஓம் மாமி, பாப்பம்" என்றேன்.

இதோடு விட்டார்களா? எண் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் ஆளுக்கொரு விருப்பம். லண்டன்காரருக்கு எண்ணைச் சுற்றி ஒரு பொன் வட்டம் வேண்டும். மாமிக்குத் தாமரைப்பூ வேண்டும், எண் அதற்கு நடுவில் உட்கார வேண்டும். பெரியப்பாவுக்குத் தமிழ் எண்தான் வேண்டும், ஆங்கில எண் போட்டால் மொழிக்குத் துரோகமாம். போட்டு அனுப்பினேன். மறுநாள் அவரே எடுத்து, "பிள்ளை, எங்கட ரெண்டாவது படத்துக்குக் கீழ என்னவோ எழுத்துப்பிழை கிடக்கு, உகரத்தை எடுத்துவிடு" என்றார். அது இரண்டு, பெரியப்பா. நீங்கள் கேட்ட தமிழ் இரண்டு.

மூன்றாம் கிழமைதான் எனக்கு வழி வெளித்தது. ஆவணத்தைப் பகுதி பகுதியாக வெட்டலாம். ஒவ்வொரு பகுதியிலும் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லலாம். முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் அப்படித்தான் செய்வேன். தோத்திரப் பகுதியும் வாழ்க்கைக் குறிப்பும் ஒன்றிலிருந்து. கனடா ஒன்றிலிருந்து. லண்டன் ஒன்றிலிருந்து. லா ஷோ-து-ஃபோனும் ஒன்றிலிருந்து. புலம்பல்களுக்குத் தனிப் பகுதி. ஒவ்வொரு வெட்டிலும் மென்பொருள் நின்று, முந்தைய பகுதியோடு தொடர்பு இருக்கட்டுமா, அறுத்துவிடவா என்று கேட்டது. எங்கள் குடும்பத்தைப் பற்றி அதற்கு யார் சொன்னது என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அறுத்தேன். பொருளடக்கத்தைப் பார்த்தால் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக நின்றது. அனுப்பினேன். மூன்று வீட்டிலும் மகிழ்ச்சி. ஒவ்வொருவரும் தங்களுடைய ஒன்றை மட்டும் பார்த்தார்கள், அடுத்தவரின் ஒன்றைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்த மகிழ்ச்சியில் திரிம்பாக்குக்குப் போனேன். சின்னம்மா மடித்த தாள் ஒன்றைத் தந்தார். கையால் எழுதியிருந்தார்.

"இதையும் போட்டுவிடு பிள்ளை. ஒரு பக்கந்தான் வரும்."

அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான். இவர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கோப்பை கழுவினவர். சுடுதண்ணியிலும் கழுவுகிற மருந்திலும் கை வெடித்துப்போகும். பின்னேரத்தில் நான் நல்லெண்ணெய் பூசிவிடுவேன். என்னோடு கோபமென்றால் கையைத் தரமாட்டார், பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருப்பார். கோபம் ஆறினால் ஒன்றும் கதைக்காமல் கையை நீட்டுவார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளும் கையை நீட்டினார். நான் எண்ணெய் கொண்டு போகவில்லை.

நான் அதை வாசித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சின்னம்மா அழவில்லை. "எழுத்துப்பிழை இருந்தாத் திருத்து, ஆனா சொல்லை மாத்தாதை" என்றார். "கோப்பை கழுவினதையும் எடுக்காதை. அதுதான் அவர்."

அங்கேதான் சிக்கல். பெரியப்பா எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் சித்தப்பா "உணவக முகாமைத்துவத்தில் உயர்பதவி வகித்தவர்". அவர் வகித்த பதவி ஓல்டன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தின் பின்பக்கச் சமையலறையில், ஆவி அடிக்கிற கழுவும் இயந்திரத்துக்கு முன்னால். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று வீட்டில் இரண்டு வீட்டு ஆட்களை, இங்கிருந்து காசு அனுப்பி, ஊரிலிருந்து வெளியில் எடுத்தது அந்தக் கைதான். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் சின்னம்மாவின் பக்கத்தைப் போட்டேன். பெரியப்பா குரல் செய்தி அனுப்பினார்: "கோப்பை கழுவின கதையெல்லாம் ஊருலகம் வாசிக்கவோ? அவவுக்குத்தான் மனைவி புலம்பல் எட்டு வரி போட்டுக் கிடக்கே." அந்த எட்டு வரியை அவரே கனடாவில் ஒரு பாட்டுக்காரரிடம் எழுதுவித்து அனுப்பியிருந்தார். சின்னம்மா எப்படிப் புலம்புவார் என்று சின்னம்மாவிடம் கேட்கவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

நான் சமாளித்தேன். இடமில்லாதபடியால்தான் சண்டை என்று நினைத்து, "ஒரு பக்கம் கூட்டிவிடுறன்" என்றேன். அச்சகக்காரரிடம் கேட்டால், ஒரு பக்கம் கூட்ட முடியாது, நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம், கூட்டினால் நாலு நாலாகத்தான் கூட்டலாம் என்றார். நல்லது, நாலாகக் கூட்டுவோம், சின்னம்மாவுக்கு ஒன்று, மிச்சம் மூன்றும் வெறுமையாக இருக்கட்டும் என்று குழுவில் எழுதினேன். வெறுமை என்ற சொல்லை நான் பாவித்திருக்கக் கூடாது. பின்னேரத்துக்குள் கனடா இரண்டு பக்கத்தைப் பிடித்தது, லண்டன் ஒன்று, மாமி ஒன்று. மாமியின் பக்கத்தில் சித்தப்பா இல்லவே இல்லை. மகளின் பட்டமளிப்புப் படம். "அவர் இருந்தாச் சந்தோசப்பட்டிருப்பார்" என்று கீழே எழுதச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் கெட்டித்தனம் செய்தேன். முன்னட்டையின் உட்பக்கம் எப்போதும் சும்மா கிடக்கும். அதற்கு எண் கிடையாது, பொருளடக்கத்திலும் அது வராது. சின்னம்மாவின் பக்கத்தை அங்கே வைத்தால் யாருடைய ஒன்றும் அசையாது. குடும்பத்துக்கு அனுப்பிய பிரதியில் அதைச் சேர்க்காமல், அச்சகத்துக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் சேர்த்தேன். கள்ளத்தனம்தான், ஆனால் நல்ல கள்ளத்தனம் என்று நினைத்தேன்.

"போட்டாச்சு சின்னம்மா," என்று எடுத்துச் சொன்னேன். "எல்லாருக்கும் முன்னால வருது."

"ஒண்டாம் பக்கமோ?"

"ஒண்டுக்கும் முன்னால," என்றேன். அந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. சின்னம்மா "ஆ" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் திரிம்பாக்கில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். மலர்ப் பெட்டிகள் வாசலில் இருந்தன, வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றொன்று கொடுத்தோம். பெரியப்பா திரையில் இருந்தார், கனடாவில் விடிந்தும் விடியாத நேரம், கோட்டுப் போட்டிருந்தார். லண்டன்காரர் முன்வரிசையில். மாமி அவருக்குப் பக்கத்தில். யாராவது அட்டையைத் திறந்ததும் சத்தம் வரும், அப்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் பதில் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை விடமாட்டேன், கோப்பை கழுவின கையைச் சொல்லிக் கேட்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒலிவாங்கி கிடைத்தால் லேசில் விடாத அண்ணை ஒருவர் நிகழ்ச்சியை நடத்தினார். "எல்லாரும் மலரில ஒண்டாம் பக்கத்தை எடுங்கோ, தோத்திரத்தைச் சேர்ந்து பாடுவம்," என்றார்.

மண்டபம் முழுக்கத் தாள் புரள்கிற சத்தம். சிலர் கனடாக் குடும்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டைத் தேடினார்கள். சிலர் பொன் வட்டத்துக்குள் ஒன்றைக் கண்டு, லண்டன்காரரின் கல்யாணப் படத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எந்த ஒண்டு அண்ணை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"முதலாவது ஒண்டு," என்றார் அண்ணை, அவரும் தேடிக்கொண்டுதான்.

வேறு நாளாயிருந்தால் இதை வைத்தே நான் ஒரு வருடம் ஆட்களைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆட்களின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டையைத் திறக்கிற ஒவ்வொருவரும் அட்டையையும் அதற்கடுத்த தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளி, எண்ணைத் தேடி உள்ளே போனார்கள். சின்னம்மாவின் பக்கத்தில் யாருடைய கண்ணும் நிற்கவில்லை. பெரியப்பா பார்க்கவில்லை, லண்டன்காரர் பார்க்கவில்லை, மாமி தன்னுடைய தாமரைப்பூவைப் பக்கத்து ஆளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பயந்த சண்டை வரவேயில்லை. பக்கம் இருப்பதே ஒருவருக்கும் தெரியாதபோது யார் சண்டை பிடிப்பது?

பிறகு பேச்சுகள். அண்ணை பொருளடக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஆட்களைக் கூப்பிட்டார். கனடா பேசியது. லண்டன் பேசியது. மாமி தன் நேரத்துக்குள் பேசி முடித்தார். சின்னம்மா முன்வரிசை ஓரத்தில், அட்டையின் உட்பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தபடி இருந்தார். தன்னை எழுந்து வந்து வாசிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். கண்ணாடியை வேறு துடைத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பொருளடக்கத்தில் அவருக்கு வரி இல்லை. எண் இல்லாத பக்கத்துக்கு எப்படி வரி வரும்?

அண்ணையின் விரல் "மனைவி புலம்பல்" என்ற வரியில் நின்றது. அவர் சின்னம்மாவைக் கூப்பிடவில்லை. குரல் நல்ல குரல் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டு வரியையும் தானே ராகத்தோடு பாடத் தொடங்கினார். ஆறாவது வரியில், பெற்றெடுத்த செல்வங்கள் பரிதவிக்க எங்கே போனீர் என்று வந்தது. பாட்டுக்காரர் வேறு யாருக்கோ எழுதிய பாட்டை இவருக்கும் கொடுத்திருக்கிறார். பிள்ளை இல்லாத மனிசியின் வாயில், முழு மண்டபத்துக்கு முன்னால், பெற்றெடுத்த செல்வங்கள். அண்ணை அந்த வரியை உருக்கமாக இரண்டு தரம் பாடினார். சின்னம்மா மடியிலிருந்த மலரை மூடினார்.

அந்தப் புலம்பல் பக்கம் என் கையால் மூன்று தடவை போனது. மூன்று தடவையும் நான் அதன் அடியைத்தான் பார்த்தேன், எண் சரியாக நடுவில் நிற்கிறதா என்று. மேலே இருந்த எட்டு வரியை ஒருதரமும் வாசிக்கவில்லை. லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்ற பிரிவுத் தலைவியை நான் இனி நடித்துக் காட்டப் போவதில்லை. தேவையுமில்லை.

ஒரு கிழமை சின்னம்மா வீட்டுப்பக்கம் போக எனக்கு முகம் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பகல் போனேன். மிஞ்சிய மலர்கள் இரண்டு பெட்டி மேசைக்குப் பக்கத்தில் இருந்தன. சின்னம்மா ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைத் திறந்து, தன்னுடைய பக்கத்தின் அடியில் நீலப் பேனையால் ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தார். வட்டமில்லை, பூவில்லை, வெறும் ஒன்று. எழுதினதை இடப்பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"வீட்டுக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க," என்றார். "அண்டைக்குக் குடுத்ததுகளுக்கு ஒண்டும் செய்யேலாது."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அந்தப் புலம்பலை என்ன செய்யிறது சின்னம்மா, வெட்டிவிடுவமோ?" என்றேன்.

"அது என்ரை இல்லையே. நான் ஏன் அதைத் தொடுவான்?"

அட்டைக்கு எண் வராது, வந்தால் எல்லோருடைய எண்ணும் மாறும், அதனால்தான் என்று தொடங்கினேன். பகுதி, தொடர்பு, பொருளடக்கம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மன் சொற்கள்கூட இரண்டு வந்தன. அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஆளுக்கொரு ஒண்டு போட்டுக் குடுத்தனீ. எனக்குப் போடத்தான் உனக்குக் கை வலிச்சதோ?"

மேசையில் கிடந்த இன்னொரு பேனையை எடுத்து ஒரு மலரைத் திறந்தேன்.

"விடு," என்றார். "நானே போடுறன்."

பேனையைக் கீழே வைத்தேன். அட்டையின் வழுவழுப்பில் மை உடனே காயவில்லை. அவர் எழுதி முடித்தவற்றை வாங்கி, மூடாமல், மேசையிலும் கட்டிலிலும் ஒவ்வொன்றாக விரித்து வைத்தேன்.